இடிமுகிலை அளந்த இரும்புக் குழாய்கள்

மின்னலையும் இடியையும் கண்டு வியவாத மனித இனம் உலகில் இல்லை. வேதகாலத்தார் இடியை இந்திரனின் வச்சிரப்படை என்றனர். கிரேக்கர் தம் முதற்கடவுளின் கைப்படை என்றனர். நம் சங்கப் புலவரோ கார்காலத்து இடியோசையைத் தலைவன் தேர் மீளும் பருவத்தின் அறிவிப்பாகவே கேட்டனர். ஆயினும் அம்முகிலினுள்ளே எத்துணை மின்வலி அடங்கிக் கிடக்கின்றது என்னும் வினாவை மனிதன் கருவி கொண்டு கேட்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டிலேதான். அவ்வினாவிற்கு இதுகாறும் கிடைத்த விடைகளுள் மிகப் பெரியதொன்று 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் நீலகிரி மலையிலிருந்து வெளிவந்தது. அதனைத் தந்த கருவியோ, பல்லாயிரந் தமிழர் ஊர் பெயர்ந்து சென்று உழைத்த கோலார்த் தங்கவயலின் ஆழத்தில் முன்னர்ப் பணி செய்த இரும்புக் குழாய்களால் ஆயது. பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாறு தனிச்சுவை பயக்கும் என்றெண்ணி, அதனை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

முகிலில் இருப்பது மின்சாரமே என்பதை ஆய்ந்து காணும் வழியை முதலில் எழுதிக்காட்டியவர் அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்கிளின். உயர்ந்ததோர் இரும்புக் கம்பியை நாட்டி, முகில் அதன்மேற் செல்லுங்கால் பொறி பிறக்கின்றதா என்று பார்க்கவேண்டும் என்பதே அவர் கூறிய முறை. 1752ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பிரான்சு நாட்டில் மார்லி என்னும் சிற்றூரில் அவ்வாறே செய்து பார்த்தனர், பொறி பறந்தது. ஐரோப்பா எங்கணும் கம்பிகள் எழுந்தன. மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் ருசியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரில் ஒரு துன்பம் நேர்ந்தது. அந்நகரத்து அறிவியற் கழகப் பேராசிரியராகிய ரிச்மன் என்பார், கூரைமேல் நாட்டிய கம்பியினின்றும் இறங்கி வரும் மின்னின் அளவை ஒரு நூலின் சாய்வைக்கொண்டு அளப்பதற்கென்று இடி முழக்கத்தினிடையே வீட்டிற்கு விரைந்தார். நிகழ்வதை வரைந்து வைக்கும்பொருட்டுச் சோகோலவ் என்னும் செதுக்குக் கலைஞரையும் உடனழைத்துச் சென்றார். நூலின் சாய்வைக் காணக் குனிந்தவரின் நெற்றியில் மின் பாய்ந்தது. அவர் அங்கேயே உயிர் துறந்தார். கலைஞர் பிழைத்தார். முகிலின் மின்னைப் பொறியாகக் காண்பது வேறு, அதனை எண்ணாக அளப்பது வேறு என்பதனை உலகம் அன்று உணர்ந்தது. அளக்க முயன்றதற்கே ரிச்மன் உயிரை விலையாகத் தந்தார்.

இனி, அளக்கவேண்டிய பொருள் யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். மின்னேற்றம் பெற்ற இரு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் அல்லது தள்ளும். அவ்விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்பதைப் பிரெஞ்சுப் படைப்பொறியாளராகிய கூலும் 1785இல் மெல்லிய கம்பியின் முறுக்கைக்கொண்டு நிலைநாட்டினார். அவ்விதி கணக்கிற்குப் போதியது, மனத்திற்குப் போதியதன்று. இடையில் ஏதுமின்றி ஒரு பொருள் மற்றொன்றைத் தொலைவிலிருந்தே எவ்வாறு பற்றும்? இவ்வையத்தை விடாது பிடித்துக்கொண்டவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, நூல் கட்டும் தொழில் பயின்று, கணிதம் கல்லாமலே அறிவியலின் தலைவாயிலில் நின்ற அவர், மின்னேற்றம் பெற்ற பொருள் தன்னைச் சூழ்ந்த வெளியையே மாற்றிவிடுகின்றது எனக் கண்டார். அம்மாற்றத்தையே நாம் மின்புலம் என்கிறோம். புலத்தில் வந்து நிற்கும் துகள் தொலைவிலுள்ள பொருளைத் தேடவேண்டுவதில்லை. தான் நிற்கும் இடத்தின் புலமே அதனைத் தள்ளும். தள்ளும் விசை துகளின் மின்னேற்றத்தையும் அவ்விடத்துப் புலத்தின் வலிமையையும் பெருக்கி வருவது. நேர்மின் துகள் புலம் காட்டும் திசையிற் செல்லும். எதிர்மின் துகள் அதற்கு எதிர்த்திசையிற் செல்லும். இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்த பெருமை மாக்ஸ்வெல்லுக்கு உரியது.

புலம் ஓரிடத்துச் சரிவு என்றால், மின்னழுத்தம் என்பது ஏறிய மொத்த உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டிக்குச் சில வளைவுகளிற் சரிவு மிகுதி, சிலவற்றிற் குறைவு. ஆயினும் ஏறி முடித்த உயரம் ஒன்றே. அவ்வாறே முகிலின் அடியிலிருந்து முடிவரை புலம் இடத்துக்கிடம் மாறினும், இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு ஓர் எண். எலெக்ட்ரானின் மின்னேற்றம் கொண்ட துகள் ஒரு வோல்ட்டு வேறுபாட்டைக் கடந்தால் அது பெறும் அல்லது இழக்கும் ஆற்றலே ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டு எனப்படும். இவ்வொரு கணக்கை மறவாதிருந்தால் இவ்வரலாற்றின் எஞ்சிய பகுதி முழுதும் தெளிவாகும்.

வானம் தெளிந்த நாளிலும் நிலத்தின் மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 வோல்ட்டு அளவில் மின்புலம் உண்டு. இடிமுகிலின் கீழோ அஃது ஆயிரக்கணக்கில் உயரும். இத்துறையில் ஆழ்ந்து எண்ணியவர் ஸ்காட்லாந்தினராகிய சி. டி. ஆர். வில்சன். 1895ஆம் ஆண்டு மலையொன்றின் மேல் இடிமுகில் சூழ்ந்தபோது தம் தலைமயிர் சிலிர்த்து நிற்பதை உணர்ந்து, கீழே ஓடித் தப்பியவர் அவர். மின்னேற்றத் துகள்களின் வழியை நீராவிக் கோடாகக் காட்டும் முகிற்கூடத்தை இயற்றி 1927இல் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. இடிமுகிலின் மின்னழுத்தம் 100 கோடி வோல்ட்டு அளவை எட்டக்கூடும் என்று 1920களின் இறுதியில் வில்சன் கணித்து எழுதினார்.

எழுதினாரேயன்றி, அதனைச் சரிபார்க்க வழியில்லை. முகிலுக்குள் பலூன்களையும் விமானங்களையும் செலுத்திப் பார்த்தனர். பலூன் மெல்ல ஏறுவது. அஃது அடியினின்று முடியைச் சேர்வதற்குள் முகிலின் நிலையே மாறிவிடும். அன்றியும், பல கிலோமீட்டர் பரந்த முகிலில் அது தொட்டுச் செல்வது ஒரே ஒரு கோட்டினை. இம்முறைகளால் கண்ட மிக உயர்ந்த அளவு 13 கோடி வோல்ட்டே. வில்சன் மிகைபடக் கூறினாரா, கருவிதான் முகிலின் நடுவண் சேரவில்லையா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அவ்வெண் தாளிலேயே கிடந்தது.

இனிக் காட்சியை வானத்திலிருந்து பாதாளத்திற்கு மாற்றுவோம்.

மைசூர் நாட்டின் கோலார்ப் பகுதியில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய நிறுவனத்தார் பெருமுறையில் பொன் அகழத் தொடங்கியபோது, வடஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் குடும்பங் குடும்பமாகச் சென்று குடியேறினர். அவருட் பெரும்பாலோர் நிலமற்றவர். சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்திற்கும் தப்பிச் சென்றவர். ஊரில் கிணற்றுநீரும் மறுக்கப்பட்டோர், அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்தனர். வெடிப்பினால் சரிந்த பாறைகளிலும், நுரையீரலில் படிந்த தூசியிலும் மாண்டோர் பலர். திவான் சேஷாத்ரி ஐயர் முயன்று தொடங்கிய சிவசமுத்திர நீர்வீழ்ச்சி மின்நிலையத்திலிருந்து 1902ஆம் ஆண்டு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பிவழியே மின்சாரம் வந்ததும் இத்தங்கவயலுக்கே. பெங்களூர் நகரத்தார் அதன் பின்னரே மின்விளக்கைக் கண்டனர்.

1951இல் ஓர் இளைஞர் விந்தையான கருவிகளுடன் இச்சுரங்கத்தில் இறங்கினார். அவர் பெயர் பி. வி. ஸ்ரீகண்டன். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹோமி பாபா, காஸ்மிக் கதிர்கள் பூமிக்குள் எத்துணை ஆழம் செல்லுகின்றன என்று அளந்து வருமாறு அவரை விடுத்தார். விண்ணிலிருந்து வரும் அக்கதிர்கள் பெரும்பாலும் புரோட்டான்கள். அவை வளிமண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறுங்கால் மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. மியூவான் எலெக்ட்ரானைப் போன்றதே. ஆயினும் அதனினும் ஏறத்தாழ 207 மடங்கு கனத்தது. பெரும்பாறையையும் ஊடுருவவல்லது. நேர்மின் உடையனவும் எதிர்மின் உடையனவும் அதில் உண்டு. மோதும் புரோட்டான்கள் நேர்மின் உடையனவாதலின், நேர்மின் மியூவான்களே எண்ணிக்கையில் மிகுதி. இம்மிகுதியை நினைவிற் கொள்க. பின்னர் இதுவே கதையைத் திருப்பப் போகிறது.

கோலாரில் ஆழம் செல்லச் செல்ல மியூவான்கள் அருகி, 2 கிலோமீட்டருக்குக் கீழே மிக அரியனவாகிவிடும் அமைதி கிடைத்தது. அவ்வமைதியில் 1965ஆம் ஆண்டு, இந்திய, சப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் கூடி, வளிமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டனர். மேனனும் ஸ்ரீகண்டனும் ஒசாக்காவின் மியாகேயும் அக்குழுவில் இருந்தனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் என்பாரின் குழுவும் அதனைக் கண்டது. அங்கும் இங்கும், பொன்னுக்கென்று எளியோர் தோண்டிய குழியே அறிவியலுக்கு ஆய்வுக்கூடமாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பில் அறிஞர் பெயர்கள் உள்ளன. கருவிகளைக் கூண்டில் ஏற்றி ஆழத்திற்கு இறக்கித் தந்த சுரங்கத் தொழிலாளர் பெயர்கள் அங்கு இல்லை. அவற்றையும் எழுதிவைத்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

1980இல் அங்கு மற்றொரு பெருமுயற்சி தொடங்கிற்று. புரோட்டான் என்றேனும் தானே சிதையுமா என்று காத்திருந்து காண்பது அதன் நோக்கம். அதற்கெனச் சதுர வாயுடைய இரும்புக் குழாய்களை ஆயிரக்கணக்கில் அடுக்கினர். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் மயிரிழை போன்றதொரு டங்ஸ்டன் கம்பி. உள்ளே ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. கம்பிக்கும் சுவருக்கும் இடையே உயர் மின்னழுத்தம். மின்னேற்றத் துகள் ஒன்று குழாயினூடே பாயுமாயின், வாயுவின் அணுக்களிலிருந்து சில எலெக்ட்ரான்கள் பிரியும். மின்புலம் அவற்றைக் கம்பியை நோக்கி இழுக்கும். கம்பி மெல்லியதாதலால் அதன் அருகே புலம் மிக வலிது. அங்கு எலெக்ட்ரான்கள் விரைந்து மோதி மேலும் எலெக்ட்ரான்களைப் பிரிக்க, ஒன்று பலவாய், பல ஆயிரமாய்ப் பெருகிக் கம்பியில் ஒரு துடிப்பாக வெளிப்படும். துகள் கடந்தது என்பதற்கு அதுவே சான்று. சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்ச்சிகளை அறிஞர் தொடக்கத்தில் வெளியிட்டனர்; பிற நாடுகளின் பெருங்கருவிகள் அதனை உறுதி செய்யவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கமே மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் பலர் அதன்பின் பெங்களூருக்கு நாள்தோறும் புகைவண்டியில் சென்று பிழைப்பாராயினர்.

மனிதர்க்கு வாய்க்காத மறுவாழ்வு குழாய்களுக்கு வாய்த்தது. இரும்புக் கடைக்குப் போகவேண்டியவை நீலகிரி ஏறின. உதகையில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் முன்னரே இருந்தது. அங்கே சப்பானியர் துணையுடன் கிரேப்ஸ்-3 என்னும் பெயரால் எழுந்த கருவித் தொகுதியில், கோலாரின் குழாய்களைக்கொண்டு மியூவான் தொலைநோக்கி ஒன்றைக் கட்டினர். குழாய் ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். மொத்தம் 3,712 குழாய்கள். பரப்பு 560 சதுர மீட்டர். குறுக்கும் நெடுக்குமாக நான்கு அடுக்குகளாக அவற்றை வைத்தமையால், துகள் எத்திசையிலிருந்து வந்தது என்பதையும் அறியலாம். வானம் 169 திசைகளாகப் பகுக்கப்பட்டது. குழாய்களின் மேல் 2 மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அடுக்கினர். அக்கான்கிரீட்டு ஒரு சல்லடை. ஏறத்தாழ 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுடைய மியூவான் அதனைக் கடவாது. கடந்து வந்து எண்ணப்பெறுவன நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி.

விண்மீன்களையும் ஞாயிற்றின் கொந்தளிப்பையும் ஆராய எழுந்த கருவி இது. முகிலை அளத்தல் அதன் நோக்கமன்று. ஆனால் இடிமழை நாட்களில் மியூவான்களின் எண்ணிக்கை சில மணித்துளிகள் குறைவதையோ கூடுவதையோ அறிஞர் கண்டனர். காரணம் நாம் மேலே கூறிய மின்புல விசையே. மியூவான் வளிமண்டலத்தின் மேலிருந்து இறங்குகையில் இடிமுகிலைக் கடக்கவேண்டும். முகிலின் புலம் நேர்மின் மியூவானை எதிர்த்துத் தள்ளுமாயின், அது தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கும். எதிர்மின் மியூவானோ அதே அளவு ஆற்றலைப் பெறும். விளிம்பில் நின்ற நேர்மின் மியூவான்கள் சல்லடையில் தங்கிவிடும். எஞ்சியிருக்க வேண்டிய எதிர்மின் மியூவான்கள் சில புதிதாகக் கடந்துவரும். இரண்டும் சமமான எண்ணிக்கையினவாயின் இழப்பும் வரவும் ஒன்றையொன்று ஈடு செய்திருக்கும். முகில் தன் மறையை வெளியிட்டிராது. நேர்மின் மியூவான்களே மிகுதியாதலின் கணக்கில் ஒரு குறை விழுகின்றது. அக்குறையின் அளவைக்கொண்டு, மியூவான்கள் ஏறிய மலையின் உயரத்தை, அஃதாவது முகிலின் மின்னழுத்தத்தைக் கணித்துவிடலாம். பலூனைப்போல் மெல்ல ஏறவேண்டுவதில்லை. மியூவான் ஏறத்தாழ ஒளியின் விரைவில் முகில் முழுவதையும் அடியளந்து வருகின்றது. ஒரு கோடு மட்டுமன்று; நூற்றுக்கு மேற்பட்ட திசைகளில் ஒரே நேரத்தில் அளந்து வருகின்றது.

2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை 184 இடிமுகில்களின் கணக்கு குழாய்களிற் பதிவாயிற்று. அவற்றுள் 2014ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் உதகையின் மேற் கடந்த முகில் தனித்து நின்றது. அது 18 மணித்துளிகள் மியூவான் எண்ணிக்கையை அழுத்தி, 2 விழுக்காடு அளவிற்குக் குறைத்தது. நூற்றுக்கு இரண்டு என்பது சிறிது போலத் தோன்றும். மணித்துளிக்கு 20 இலட்சத்திற்கு மேல் எண்ணும் கருவிக்கு அது பெரியதொரு பள்ளம். 6 கிலோமீட்டர் வரை விலகி நிறுவிய நான்கு மின்புலமானிகள் நிலத்தின் மேலுள்ள புலம் எப்பொழுது எங்கு மாறிற்று என்பதைக் காட்ட, முகில் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் விரைவிற் சென்றதும், கடல் மட்டத்திற்கு 11.4 கிலோமீட்டர் உயரத்தில் நின்றதும், 380 சதுர கிலோமீட்டருக்குக் குறையாமல் பரந்ததும் புலனாயின. மியூவான் குறைவிலிருந்து கிடைத்த மின்னழுத்தம் 130 கோடி வோல்ட்டு! பலூன்கள் கண்ட உச்சத்திற்குப் பத்து மடங்கு. வில்சன் எழுதிவைத்த எண்ணையும் கடந்த அளவு.

அவ்வழுத்தத்தை எய்த முகிலுக்கு 6 மணித்துளிகளே பிடித்தன. அதனைக் கொண்டு கணக்கிட்டால் அது செலுத்திய திறன் 2,000 மெகாவாட்டுக்குக் குறையாது. கூடங்குளத்தில் முதலில் இயங்கத் தொடங்கிய இரண்டு உலைகளும் முழு வலிவில் ஓடும்போது தரும் அளவு அது! அதனைப் பிடித்து ஊருக்கு விளக்கேற்றலாமே என்று நண்பர் சிலர் கேட்பர். ஒரு நாளில் சில மணித்துளிகள், எங்கு வரும் என்றறியாத இடத்தில், இத்துணைப் பரப்பில் சிதறி வருவதைப் பிடிக்கும் பாத்திரம் எவரிடத்தும் இல்லை.

அளவுகளைப் பன்முறை சோதித்து, கணினியில் முகிலை மாதிரியாகப் படைத்துப் பார்த்து, அறிஞர்கள் முடிவை வெளியிட்டபோது 2019ஆம் ஆண்டு மார்ச்சு வந்துவிட்டது. கோலாரில் முதலில் இறங்கிய ஸ்ரீகண்டன் அப்பொழுது தொண்ணூறைக் கடந்த முதியவர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அவர் மறைந்தார்.

இம்முடிவால் தெளிவு பெறக்கூடிய புதிரொன்றும் உண்டு. 1991இல் அமெரிக்கர் விண்ணிற் செலுத்திய செயற்கைக்கோள் ஒன்று, தொலைவிலுள்ள விண்பொருள்களின் காமாக் கதிர்களைத் தேடிக்கொண்டிருக்கையில், எதிர்பாராத வகையில் நம் பூமியின் இடிமுகில்களிலிருந்தே அக்கதிர்கள் நொடியில் ஆயிரத்திலொரு பங்கு அளவில் பளிச்சிடுவதைக் கண்டது. செய்தி 1994இல் வெளியாயிற்று. அவற்றுள் மிக உயர்ந்தனவற்றின் ஆற்றல் 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டை எட்டுகின்றது. அத்துணை ஆற்றலை எலெக்ட்ரான்களுக்கு ஊட்டும் புலம் முகிலில் உண்டா என்று அறிஞர் மயங்கியிருந்தனர். 130 கோடி வோல்ட்டு எழும் முகிலுக்கு அஃது அரிதன்று. அச்செயற்கைக்கோளுக்கு இட்ட பெயர் காம்ப்டன். 1927இல் நோபெல் பரிசை வில்சனுடன் பகிர்ந்துகொண்ட ஆர்தர் காம்ப்டனின் பெயர் அது.